எதிர்மலைக்குக் கேட்ட மேளம்

என் வயதை ஒத்தவர்களே, இப்போது எதற்கெடுத்தாலும் வரிசை போடுகிறார்கள், கவனித்தீர்களா? சிறந்த பிரியாணிக்கடை வரிசை, சிறந்த பைக் வரிசை. போன மாதம் திருப்பத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகன் கைபேசியை என் மூக்கருகே நீட்டி, "அத்தே, உலகத்துலயே பெரிய ராக் டிரம்மருங்க யாருன்னு வரிசையா போட்ருக்காங்க, பாரேன்" என்றான். தோள்வரை முடி வளர்த்த வெள்ளைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து வெறிபிடித்த மாதிரி அடித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டான். "அப்பாவுக்கு இந்தச் சத்தமே ஆவாது" என்றான் பையன்.

ஆகாதா? அந்த வீட்டில் அந்தச் சத்தத்தைத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மகனிடம் அவன் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் காலத்துப் பெரியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களை மன்னித்துவிடச் சொல்லி யாரும் எனக்கு எழுத வேண்டாம்.

நெல்லிவாசலுக்கு மேலே மலையில் எங்கள் ஊர். எண்பதுகளின் தொடக்கம். பஸ் கிடையாது. சந்தை நாளில் ஆலங்காயத்திலிருந்து ஒரு ஜீப் ஏறி வரும். சாமை மூட்டையும் கடுக்காயும் உள்ளே போகும், மூட்டைக்கு நடுவே மனிதர்கள் போவார்கள். அந்த ஜீப்காரர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு டேப்ரிக்கார்டரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அதில் ஓடியதெல்லாம் இங்கிலீஷ் பாட்டு. வாணியம்பாடியில் தோல் ஷாப்பு முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, கேட்டுச் சலித்துத் தூக்கிப்போட்ட கேசட்டுகள். மேலே ஒட்டிய தாள் கிழிந்திருக்கும். யார் பாடியது, யார் அடித்தது, ஒன்றும் தெரியாது.

"இன்னா பாட்டுன்னு என்னைக் கேக்காதீங்க. இந்த அடி இல்லன்னா வண்டி மேடு ஏறாது, அவ்ளோதான்" என்பார்.

மூட்டை ஏற்ற உதவும் அண்ணன்மேல் அவருக்குப் பிரியம். புது டேப்ரிக்கார்டர் வாங்கியபோது, மூடி உடைந்த பழையதையும் ஒரு பை நிறைய கேசட்டையும் அவனிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு வேறு உலகம் கிடையாது. எங்களுக்கு என்றால் அண்ணன், மாமன் மகன், நான். பேட்டரி செல் வாங்கக் கடை இல்லை, அதனால் தீர்ந்த செல்லைப் பாறைமேல் வெயிலில் காயப்போடுவோம். சூடு ஏறினால் இன்னும் கொஞ்சம் பாடும். கையில் அந்தச் சூட்டோடு எடுத்து உள்ளே அழுத்தும்போது வரும் துருவாடை இப்போதும் எனக்கு மூக்கில் வரும்.

பாட்டின் வார்த்தை புரியாததால் அடி மட்டும்தான் எங்கள் காதில் நின்றது. பெயரை நாங்களே வைத்தோம். நிற்காமல் உருட்டி உருட்டி அடிப்பவன் இடிக்காரன். தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டே இருப்பவன் தகரக்காரன். அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல் காத்திருந்து, பிறகு ஒன்று வைப்பவன் பொறுமைக்காரன். கடைசியில் தூங்குமூஞ்சி. இவர்களில் யார் பெரியவன் என்று ஒவ்வொரு மாலையும் சண்டை. வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, தூங்குமூஞ்சி என்று தனியாக ஒருவன் இல்லை. செல் தீரும் நேரத்தில் கேட்ட இடிக்காரன்தான் அவன். ஒரே ஆளை மேலேயும் வைத்தோம், அடியிலும் வைத்தோம். ஆனாலும் பிறகு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வழங்கிய நீதிக்கு எங்களுடையது எவ்வளவோ தேவலை.

மாமன் மகன் இடிக்காரன் கட்சி. "சத்தம் போடறவன்தாண்டா பெரியவன். ஊருக்குக் கேக்கணும்ல?"

அண்ணன் பொறுமைக்காரன் கட்சி. "அவன் கத்துறான். நம்மாளு பேசுறான். அவன் சும்மா உட்ட எடத்துலதான் பாட்டே நிக்குது. காத உட்டுக் கேளு."

அண்ணனுக்கு இது வெறும் விளையாட்டு அல்ல. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் ஊர் மேளம் தொங்கும். இரண்டு முகம். ஒரு பக்கம் கனத்த குச்சி, மறுபக்கம் மெல்லிய குச்சி. எங்கள் மலையில் மேளம் அடிக்க வெளியிலிருந்து ஆள் வருவதில்லை, ஊர்க்காரர்களே அடிப்பார்கள். அதை அடிக்கும் கைக்கு ஒரு மரியாதை உண்டு. அடித்துக்கொண்டிருந்தவருக்குத் தோள் இறங்கிப்போனதால், தை மாதத் திருவிழாவுக்குப் புதுக் கை தேட வேண்டியிருந்தது. யார் என்று எங்கள் ஊர்க்கவுண்டர் சொல்ல வேண்டும். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். படிப்பு ஏறாதவன், மாடு மேய்த்தால் மாட்டைத் தொலைப்பவன் என்று அப்பாவிடம் தினம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்கு அந்த ஒன்று மட்டும் வேண்டியிருந்தது. ராத்திரி படுத்தால் என் முதுகில் விரலால் அடித்துப் பழகுவான். நான் திட்டிக்கொண்டே தூங்கிப்போவேன்.

திருவிழாவுக்கு முன் பழகுவதற்காக மேளத்தை இறக்கலாம், அது வழக்கம்தான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு எல்லோருக்கும் இது மறந்துபோயிற்று.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் மலையில் சாவு விழுந்தால் சேதி சொல்ல ஆள் புறப்படுவதற்கு முன் மேளம் சொல்லிவிடும். கனத்த குச்சியால் இரண்டு அடி. கொஞ்சம் நிறுத்தம். பிறகு ஒரு அடி. திரும்பத் திரும்ப அதுதான். எதிர்மலையில் கேட்டவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கோடித்துணியோடு கிளம்புவார்கள். செத்தது யார் என்று மேளம் சொல்லாது. எந்த ஊரில் யார் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

அந்தக் கார்த்திகையில் எங்கள் ஊரில் படுக்கையில் கிடந்தவர் அப்பா. நெஞ்சில் சளி கட்டி இரண்டு மாதமாக எழுந்திருக்கவில்லை. எதிர்மலையில் வாக்கப்பட்டிருந்த அக்கா அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. மாதம் நிறையவில்லை. வந்து பார்க்க மாமியார் விடவில்லை.

ஒரு நாள் களத்தில் சாமை அடித்துத் தூற்றிக்கொண்டிருந்தார்கள். மாமன் மகனும் அண்ணனும் வரிசைச் சண்டையைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கேசட்டு ஆட்களின் அடியை ஊர் மேளத்தில் ஆளுக்கொன்று அடிப்பது. எது எதிர்மலைவரை போகிறது என்று அடுத்த சந்தையில் அக்கா வீட்டுக்காரரைக் கேட்பது. எவனுடையது கேட்டதோ அவன் ஆள் பெரியவன்.

மாமன் மகன் இடிக்காரனை அடித்தான். காது கிழிந்தது. பிறகு அண்ணன் வாரைத் தோளில் மாட்டினான். அடடா, அதை எப்படிச் சொல்வேன்? மெல்லிய குச்சி ஒரு பக்கம் சிலுசிலுவென்று ஓடிக்கொண்டே இருக்க, கனத்த குச்சி காத்திருந்து காத்திருந்து விழுந்தது. முறத்தோடு நின்ற பெண்கள் இடுப்பை அசைத்தார்கள். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "யாருடா அது, நம்ம பையனா?" என்று கேட்டதாக அம்மா சொன்னாள். ஊர்க்கவுண்டர் களத்து ஓரத்தில் உட்கார்ந்து கால் தட்டினார். அந்தக் காலை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

"உடாம அடிடா. தைக்கு நீதான் போலக்கீது" என்றார்.

அண்ணன் முகம் எப்படி ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்! பொழுது உச்சிக்கு வரும்வரை அடித்தான்.

அவனுக்குத் தெரியாதது, அங்கே நின்ற எவருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. மெல்லிய குச்சியின் சத்தம் பள்ளத்தைத் தாண்டாது. நடுவில் காடு தின்றுவிடும். கனத்த அடி மட்டும்தான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். பொறுமைக்காரனின் கனத்த அடியை மட்டும் தனியாக எடுத்தால் என்ன வரும்? இரண்டு அடி. நிறுத்தம். ஒரு அடி. பக்கத்தில் நின்றவர்களுக்கு ஆட்டம், எதிர்மலையில் இருந்தவர்களுக்குச் சாவு.

முதலில் அழுகைதான் கேட்டது. ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் வரிசையாக இறங்கி ஏறி வந்தார்கள். பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அக்கா. செருப்பில்லை, முழங்காலில் ரத்தம், ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, "எப்பா! என்னைப் பாக்காம போய்ட்டியேப்பா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். வீட்டு வாசலில் அப்பா கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரித்தாள். நம்ப மாட்டீர்கள், முகமெல்லாம் கண்ணீரோடு வயிறு குலுங்கச் சிரித்தாள். விஷயம் தெரிந்ததும் அண்ணனை அருகே இழுத்துத் தலையில் ஒன்று வைத்தாள்.

"நீயாடா அடிச்ச? அங்க கேக்குதுடா. நல்லாக் கேக்குது" என்றாள்.

அவள் மாமியார் சிரிக்கவில்லை. "எங்கள கேலி பண்ணவா கூப்ட்டீங்க? உசுரோட இருக்கறவனுக்குச் சாவு மேளமா? கோடித்துணிய எடுத்துக்கினு வந்து நிக்கறோம், இத இன்னா பண்றது?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். இழவு வீடு என்று வந்து இழவு இல்லையென்றால் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. நாலு ஊர் சேர்ந்த நாட்டுப் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர்கள் அப்போதே திரும்பினார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு முறை இவளைத் திரும்பிப் பார்த்தார். தன் அம்மாவின் வார்த்தையை மீற அவருக்கு வாய் வரவில்லை. அக்கா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடம் நனைந்திருந்தது.

அன்று சந்தை நாள். ஜீப் மூட்டைக்காகக் கோயில் பக்கத்தில்தான் நின்றது. ஜீப்காரர் வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"கவுண்டரே, பொண்ணு மொகம் வெளுத்துப் போச்சிங்க. இப்பவே எறக்கினா இருட்டறதுக்குள்ள ஆலங்காயம் ஆஸ்பத்திரில சேத்துர்லாம். மூட்டை கெடக்கட்டும்."

ஊர்க்கவுண்டர் அக்காவைப் பார்க்கவே இல்லை. "பொம்பளைக்கு வலி வந்தா பொம்பளைங்க பாத்துக்குவாங்க. மலையில எவ பெத்துக்கல? நீ வண்டிய எடுத்துக்கினு மேல போ. நாலு ஊரு பெரியவங்களையும் ஏத்திக்கினு வா. சாவு மேளம் சும்மா ஒலிச்சா அது ஒரு உசுர கேக்கும். பொழுது விடிஞ்சி தீர்ப்பு ஆவணும்."

"ரெண்டு மணி நேரங்க. எறக்கிட்டு வந்துர்றேன்."

"இன்னாய்யா, ஊரு பெருசா ஒரு பொண்ணு பெருசா?"

ஜீப்காரர் அப்பாவைப் பார்த்தார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். பெற்றவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி கீழே இறங்கும். எங்கள் அப்பா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல பஞ்சாயத்து முடியட்டும். பேரு கெட்டுப் போச்சி."

அந்தக் கஞ்சிச் சட்டியை எடுத்து அவர் தலையில் போட்டு உடைக்க வேண்டும் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. அவர் பிறகு பல ஆண்டுகள் இருந்தார். அக்கா சாவுக்குக் காரணம் என்று அண்ணனைச் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் அவரை எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவை எதிர்த்துக் கேட்கும் பழக்கம் கிடையாது, உங்கள் வீட்டில் இருந்ததா?

ஜீப் மேலே போயிற்று. பெரியவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. காலையில் கோயில் முன்னால் கூடினார்கள். அண்ணனை வெயிலில் நிற்கவைத்தார்கள். எந்த ஊர் அடி, யார் சொல்லிக்கொடுத்தது, மேளத்தில் வெளியூர் அடி அடிக்கலாமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். டேப்ரிக்கார்டரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்கள். அடித்தது யார் என்ற கேள்விக்கு, "பேரு தெரியாதுங்க, நாங்க பொறுமைக்காரன்னு சொல்லுவோம்" என்றான் அண்ணன். ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் அவனுக்குக் காத்து கருப்பு பிடித்திருக்கிறது என்றார்கள். களத்தில் எல்லோரும் ஆடியதை, ஊர்க்கவுண்டரே "உடாம அடிடா" என்றதை அவன் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். மாமன் மகனின் அம்மா என் வாயைப் பொத்தி இழுத்துப்போனாள்.

ஜீப்காரர் இடையில் இரண்டு தடவை எழுந்து நின்று பார்த்தார். பெரியவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும், அதுவரை வண்டி அங்கேயே நிற்க வேண்டும் என்றுவிட்டார்கள். எங்கள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். உள்ளே அக்கா கத்துவது நன்றாகவே கேட்டது. அது கேட்டபோதெல்லாம் பேசுகிறவர் கொஞ்சம் குரலை உயர்த்திக்கொண்டார்.

தீர்ப்பு இதுதான். ஊர் மேளத்துக்குத் தீட்டுப் பட்டுவிட்டது. தையில் பூசை போட்டுத் தோல் மாற்றும்வரை அதை யாரும் தொடக் கூடாது, நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. அண்ணன் ஆயுளுக்கும் எந்த மேளத்தையும் தொடக் கூடாது. தலையாட்டிக்கொண்டு எழுந்தபோது உள்ளே கத்தல் நின்றிருந்தது. பிள்ளை முதலில் போயிற்று. அக்கா பின்னாலேயே போனாள். அவள் பெட்டியில் கட்டி வைத்திருந்த குழந்தைத் துணியெல்லாம் மாமியார் வீட்டில் கிடந்தது, இங்கே சுற்றிக் கிடத்த ஒரு பழைய சேலைதான் இருந்தது.

மேளம் அடிக்கக் கூடாது. அவர்கள் சொல்லி அரைமணி ஆகவில்லை. அவர்களுக்கே தர்மசங்கடம். ஊர்க்கவுண்டர் யோசித்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்: "உன்னால வந்த சாவு. நீயே போய் வாயால சொல்லிட்டு வா."

துக்கம் சொல்லத் தனியாகப் போகக் கூடாது என்பதால் என்னையும் அனுப்பினார்கள். பள்ளத்தில் இறங்கி நடந்தோம். முந்தின நாள் அக்கா ஓடி வந்த பாதை. ஒரு கல்லில் காய்ந்த ரத்தம் இருந்தது. அதைத் தாண்டிப் போனோம்.

அக்காவின் மாமியார் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். அவள் முறத்தை நிறுத்தவில்லை.

"நேத்து மேளத்துல செத்தாங்க. இன்னிக்கி வாயால சாவறாங்களா? போடா, உங்கக்கா நாடகம் ஆடினா இங்க வந்து ஆடச் சொல்லு."

"சத்தியமா அத்தே. கொழந்தையும் போச்சி."

"செத்தா உங்க ஊர்ல மேளம் இருக்குதில்ல? அடிக்கறதுக்கு இன்னா கேடு?"

அக்காவின் வீட்டுக்காரர் மாட்டைக் கட்டிக்கொண்டு நின்றவர் எங்களைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார். "டேய், வேணாண்டா. இதுல வெளையாடாத" என்றார். அவர் நம்ப விரும்பவில்லை, அது எனக்குப் புரிந்தது. சுற்றி நின்றவர்களும் நேற்று அலைந்த கோபத்தில் இருந்தார்கள். ஒருவர் அண்ணனைப் பிடித்துத் தள்ளினார்.

அண்ணன் அவர்களோடு மேலே பேசவில்லை. நேராக அவர்கள் கோயிலுக்குப் போனான். தொங்கிய மேளத்தை இறக்கி வாரை மாட்டினான். மெல்லிய குச்சியைக் கீழே போட்டுவிட்டான். கனத்த குச்சியால் இரண்டு அடி. நிறுத்தம். ஒரு அடி.

யாரும் அவனைத் தடுக்கவில்லை. தடுக்க முடியாது, அப்படி இருந்தது அது. அந்த நிறுத்தத்தில் அக்கா முழுதாகச் செத்துப்போனாள். மாமியார் முறத்தைப் போட்டுவிட்டுத் தலைமுடியை அவிழ்த்தாள். அக்காவின் வீட்டுக்காரர் மாட்டுக்கயிற்றைப் பிடித்தபடியே மண்ணில் விழுந்தார். எங்கள் ஊரில் அக்காவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது கேட்டதாம். மேளம் இல்லாமல் கிடந்த மகளுக்கு எதிர்மலையிலிருந்து மேளம் வந்தது என்று, கடைசிவரை அதை ஒரு ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடித்து முடித்து அண்ணன் வாரைக் கழற்றினான். அந்த ஊரில் மேளம் அடிக்கும் பெரியவர் ஒருவர் அருகே வந்தார். அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கைக்கு நாலு மலையில ஆள் இல்லடா தம்பி" என்றார்.

அவன் காலமெல்லாம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. அதைச் சொல்ல அந்த மனிதருக்கு வேறு நாள் கிடைக்கவில்லை. அண்ணன் கையை உருவிக்கொண்டு அக்காவின் வீட்டுக்காரரைத் தூக்கி நிறுத்தினான்.

"வாங்க மாமா, போலாம்" என்றான். "இப்ப நம்பறீங்க இல்ல?"